தைத்தவன் பெயர்: ஒரு தோட்டாப் பையை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

நாகர்கோவில் கோட்டாறு கடைத்தெருவை ஒட்டிய சந்தில், இடிபடுகிற பழைய வீடுகளின் சாமான்களை வாங்கி விற்கும் கடை ஒன்றில் அந்தப் பையைப் பார்த்தேன். உருளி, குத்துவிளக்கு, நிலைக்கதவு, பித்தளைப் பூண் போட்ட பெட்டி எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கருத்துத் தடித்த தோல். முன்பக்கம் முழுவதையும் மறைக்கிற பெரிய மூடி. அதைத் தூக்கினால் உள்ளே இன்னொரு சிறு மூடி. அதற்கும் கீழே வரிசையாகத் துளை போட்ட மரக்கட்டை.

"பட்டாளத்துச் சாமானாக்கும். தோட்டா வைக்கப்பட்ட பை. கொச்சியிலேருந்து ஒரு ஆளு வருவான், அவனுக்காக எடுத்து வச்சிருக்கேன்" என்றார் கடைக்காரர். ஏதோ தறவாட்டின் மச்சில் கிடந்ததாம். அந்த வீட்டுக் காரணவர் ஒருவர் திருவிதாங்கூர் நாயர் பட்டாளத்தில் இருந்தாராம். விலையைச் சொன்னார். நான் அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

பையின் பின்பக்கம் வார் கோக்கும் பட்டையில் தையல் விட்டிருந்தது. அதைச் சரிபண்ணினால் விலை கூடும் என்று நினைத்த கடைக்காரர், தெருமுனையில் குடைக்குக் கீழே உட்கார்ந்து செருப்புத் தைக்கிறவரைக் கூப்பிட்டனுப்பினார். வந்தவர் கடைக்குள் ஏறவில்லை. ஏறச் சொல்லவும் இல்லை. பை படிக்கு வெளியே நீட்டப்பட்டது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அறுந்த ஓரத்தை நகத்தால் சுரண்டினார்.

"மெசின் தையல் இல்ல அண்ணாச்சி. ரெண்டு ஊசி போட்டுக் கையால தைச்சது, மெழுகு நூலு. ஒரு பக்கம் அறுந்தாலும் மத்தப் பக்கம் விடாது. தோலும் பட்டையில பதம் போட்டதாக்கும். குரோம் தோலுன்னா வெட்டின இடம் நீலம் பாரிச்சிருக்கும். இத நான் தொட மாட்டேன். புது ஊசி குத்தினா பழைய தொளை கிழிஞ்சிரும்."

இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கடைக்காரரிடம் கேட்டேன்: "இதைத் தைச்சது யாருன்னு தெரிய வழி உண்டா?" அவர் சிரித்தார். "தைச்சவன் பேரு எதுக்கு? வச்சிருந்தவன் பேரு கிடைச்சா வெல ஏறும்."

இந்தக் கட்டுரை சொல்ல விரும்புவது ஏறக்குறைய இவ்வளவுதான். பொருள் ஒன்று வரலாறாகிறபோது யாருடைய பெயர் ஒட்டிக்கொள்கிறது, யாருடைய பெயர் உதிர்ந்துபோகிறது என்பதை அந்தக் கடைக்காரர் நம் வரலாற்று ஆசிரியர்கள் பலரைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

2

19ஆம் நூற்றாண்டுப் படைத்தோல் சாமான்களைச் சேகரிப்பது உலகெங்கும் ஒரு பெரிய பொழுதுபோக்கு, வியாபாரமும்கூட. குறுக்கு வார், இடைவார், தோட்டாப் பை, துப்பாக்கிக் குண்டூசிக் கத்தியின் உறை, வாள் தொங்கவிடும் பட்டை, குதிரைச் சேணம், கடிவாளம் என்று பட்டியல் நீளும். இதில் ஈடுபட்டிருப்பவர்களின் அறிவைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஒரு வாரைக் கையில் எடுத்ததும் அவர்கள் ஆண்டு சொல்லிவிடுவார்கள். அவர்களுடைய வாசிப்பு முறையை நாம் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

நூற்றாண்டின் முற்பாதியில் பிரிட்டிஷ் காலாட்படைக்காரனின் மார்பில் இரண்டு வார்கள் குறுக்காகப் போகும். ஒன்றில் குத்துக்கத்தி, மற்றதில் தோட்டாப் பை. எருமை அல்லது மாட்டுத் தோலின் மேல்பரப்பைச் சீவிவிட்டு எண்ணெயூட்டிப் பதப்படுத்திய மெத்தென்ற தோல் அது. அதன்மேல் வெள்ளைக் களிமண் பூசிப் பளிச்சென்று வைத்திருக்க வேண்டும். இரண்டு வாரும் சந்திக்கும் இடத்தில், நெஞ்சுக்கு நேராக, படைப்பிரிவின் எண் பொறித்த உலோகத் தகடு. பையில் அறுபது தோட்டாக்கள் வரை கொள்ளும். தோட்டா என்றால் காகிதச் சுருளில் மருந்தும் குண்டும். மழை பட்டால் மருந்து கெட்டுவிடும், அதனால்தான் அந்த இரட்டை மூடி. பின்னால் துப்பாக்கிக்குத் தொப்பிக் கேப்பு வந்ததும் அதற்கென ஒரு சிறு பை சேர்ந்தது. 1888இல் வார்களின் அமைப்பே மாறியது. 1908இல் பிரிட்டிஷ் காலாட்படைக்குத் தோலுக்குப் பதிலாகப் பருத்தி நெசவுப் பட்டை வந்தது. இந்தியப் படைகளில் தோல் இன்னும் சில காலம் நீடித்தது. அரசாங்கச் சொத்து என்பதற்கு அம்புக்குறி முத்திரை உண்டு. அதனோடு ஆங்கில ‘ஐ’ எழுத்தும் இருந்தால் இந்தியாவுக்கென்று வாங்கப்பட்டது என்று பொருள்.

முத்திரை, எண், தகடு, கொக்கி, ஆண்டு. சேகரிப்பாளன் படிப்பது இவற்றைத்தான். இவையெல்லாம் யாருடைய எழுத்து? வாங்கியவனுடையது, கணக்கு வைத்தவனுடையது, கட்டளையிட்டவனுடையது. தோலின்மேல் அதிகாரம் எழுதியதை மட்டுமே நாம் வாசிக்கிறோம். தோலையே வாசிக்கிறவர் தெருமுனையில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். அவர் வாசித்ததற்குச் சந்தையில் விலை கிடையாது.

வால்டர் பெஞ்சமின் 1931இல் தன் புத்தகப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டே எழுதிய கட்டுரையில், சேகரிப்பவன் மனநிலையைப் பரிவோடு பார்க்கிறார். பயன்பாட்டிலிருந்து பொருளை விடுவித்து அதன் கடந்த காலத்தோடு உறவு கொள்கிறவன் அவன். 1975இல் வந்த தண்டனை பற்றிய நூலில் ஃபூக்கோ, 18ஆம் நூற்றாண்டுப் படைவீரனின் உடல் பிறவியிலேயே வருவதல்ல, பயிற்சியால் வடித்தெடுக்கப்படுவது என்று காட்டுகிறார். வார் என்பது அந்த வடித்தலின் கருவி. வளைய விடாது, தொய்ய விடாது, வெளுப்புக் குறைந்தால் தண்டனை. இரண்டும் நமக்கு உதவுகிற பார்வைகள்தான். ஆனால் நம் மண்ணில் தோல் என்றாலே இன்னொன்று கூடவே வருகிறது. அதற்குப் பெயர் சாதி. அதை விட்டுவிட்டு இந்தப் பொருட்களைப் பற்றி இங்கே பேசமுடியாது.

3

தமிழ்நாட்டில் படைத்தோலின் வரலாறு என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது வேலூர். 1806 ஜூலை 10 அதிகாலையில் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர் கொல்லப்பட்டனர். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து சேர்ந்த பிறகு நடந்த பழிவாங்கலில் செத்த சிப்பாய்கள் பல நூறு. பாடப்புத்தகம் சொல்லும் காரணம் நமக்குத் தெரியும். தலைமைத் தளபதி கிராடக் காலத்தில், 1805 நவம்பரில், புதிய தலைப்பாகைக்கு உத்தரவாயிற்று. அதில் தோலால் ஆன ஒரு பூங்குஞ்சம் இருந்தது. அது பசுத் தோலோ பன்றித் தோலோ என்ற சந்தேகம் எழுந்தது. நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற விதிகளும் சேர்ந்துகொண்டன.

இங்கே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்தச் சிப்பாய்கள் அதற்கு முன்பே மார்பில் தோல்வார் போட்டிருந்தார்கள். இடுப்பில் தோல்பை தொங்கியது. அந்தத் தோல் எந்த மிருகத்துடையது என்று யாரும் கலகம் செய்ததாகத் தெரியவில்லை. பிறகு ஏன் ஒரு சிறு குஞ்சம் மட்டும் தாங்கமுடியாததாயிற்று?

சிப்பாய்களின் பிற குறைகளையும், கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் மக்களையும், தொப்பிபோல் தோன்றிய அந்தத் தலைப்பாகை மதமாற்றத்தின் முன்னறிவிப்பு என்ற அச்சத்தையும் நான் மறுக்கவில்லை. ஆனால் தோலைப் பொறுத்தவரை விஷயம் தீட்டு என்ற ஒற்றைச் சொல்லில் அடங்காது என்று நினைக்கிறேன். சாதியச் சொல்லாடலில் உடம்பே ஒரு ஊர். தலை அக்கிரகாரம், கால் சேரி. காலில் தோல் கிடக்கலாம், அதன் இடம் அது. இடுப்புவரை, ஏன் மார்புவரைகூட, பிழைப்புக்காகப் பொறுத்துக்கொள்ளலாம். நெற்றிக்குறியை அழித்துவிட்டு அதே நெற்றிக்கு மேல் தோலை ஏற்றினால் உடம்பின் ஊர் ஒழுங்கே கவிழ்ந்துவிடுகிறது. சிப்பாய்கள் எதிர்த்தது தோலை அல்ல, தோலின் இடமாற்றத்தை.

அப்படியானால் வேலூர்க் கலகம் சாதியைக் காப்பாற்ற நடந்ததா? அவசரப்பட வேண்டாம். 1806 மே மாதத்திலேயே, அங்கே இருந்த 4ஆம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாலியன் தலைப்பாகையை மறுத்தது. 21 பேர் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டு விசாரிக்கப்பட்டனர். ஒரு இந்து, ஒரு முஸ்லிம் இருவருக்கும் ஆளுக்குத் தொள்ளாயிரம் கசையடி. மற்ற 19 பேருக்கு ஐந்நூறு என்று தீர்ப்பாகி, மன்னிப்புக் கேட்டதால் விடப்பட்டனர். தன் உடம்பின்மேல் என்ன வைக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமைக்காக முதுகுத்தோல் உரிய நின்ற மனிதர்கள் அவர்கள். அந்த எதிர்ப்பு ஏகாதிபத்தியத்துக்கு எதிரானது. அதை அவர்கள் பேசிய மொழி சாதியின் மொழி. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தன. நம் தேசியப் பெருங்கதையாடல் முதலாவதை மட்டும் கேட்கிறது. 2006இல் இருநூறாவது ஆண்டுக்கு அஞ்சல்தலை வெளியிட்டாயிற்று. ஆனால் அந்தக் குஞ்சத்தை வெட்டித் தைத்தவன் யார், தான் தைத்த ஒன்று தலைக்கு ஏறக்கூடாது என்று ஒரு கோட்டையே எரிந்தபோது அவன் என்ன நினைத்திருப்பான் என்று இந்த இருநூறு வருஷத்தில் யாரும் கேட்கவில்லை.

4

வேலூரில் அடிபட்ட வெள்ளைப் படை 69ஆம் ரெஜிமெண்ட். அந்த ரெஜிமெண்ட் மூன்றே ஆண்டில் நம்மூர் வாசலுக்கு வந்தது. தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் 1809 ஜனவரியில் குண்டறையில் அறைகூவல் விட்டார். பிப்ரவரியில் கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாக்கியது. பிப்ரவரி 10ஆம் தேதி அரண் விழுந்தது. அடுத்த நாட்களில் கோட்டாறு, நாகர்கோவில், பிறகு உதயகிரி, பத்மநாபபுரம் எல்லாம் கைவிட்டுப் போயின. டச்சுக்காரரை 1741இல் குளச்சலில் வென்று, டிலனாயின் கையால் ஐரோப்பிய முறைக்குப் பழக்கப்பட்ட திருவிதாங்கூர்ப் படை கலைக்கப்பட்டது. அரண்மனைக் காவலுக்குச் சிலர் மிஞ்சினார்கள். அதிலிருந்து பின்னால் வெள்ளை அதிகாரிகளின்கீழ் உருவானதுதான் நாயர் பிரிகேட். கோட்டாறு கடையில் தொங்கிய பை அந்தக் காரணவருடையதுதான் என்றால், அது தோற்ற படையின் சின்னம் அல்ல, தோல்விக்குப் பிறகு ஜெயித்தவன் மாட்டிவிட்ட சின்னம்.

இதை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். அதே திருவிதாங்கூரில் அதே காலத்தில் யார் தோல் அணியலாம், யார் அணியக்கூடாது? லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மட்டீர் 1871இல் வெளியிட்ட நூலில் நாடார் சமூகத்தவர்மேல் இருந்த தடைகளைப் பட்டியலிடுகிறார். குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, பொன்நகை கூடாது, மாடிவீடு கூடாது. 1822இல் தொடங்கி 1859 ஜூலை அறிவிப்புவரை கல்குளம், இரணியல் பக்கங்களிலெல்லாம் மாரை மறைப்பதற்காகப் பெண்கள் அடிபட்டார்கள், சேலை கிழிக்கப்பட்டது, பள்ளிக்கூடங்கள் எரிந்தன. தோள்சீலைப் போராட்டம் என்று இதை நாம் துணியின் வரலாறாகவே எழுதி வந்திருக்கிறோம். அது தோலின் வரலாறும்தான். மார்பில் துணி போட ஒருத்திக்கு அனுமதி இல்லாத தெருவில், மார்பில் வெள்ளைத் தோல்வார் மின்ன ஒருவன் நடந்துபோகிறான். அவனுடைய பாதம் தோலுக்குள் இருக்கிறது. அவளுடைய பாதம் மண்ணில். தடுப்பவனும் தடுக்கப்பட்டவளும் உடுப்பாலேயே அடையாளம் காணப்படுகிறார்கள்.

ஆனால் உடுப்பு ஒரு பக்கம் மட்டும் வெட்டுகிற கத்தி அல்ல. சென்னை ராணுவத்தில் பறையர் சமூகத்தவர் நிறையப் பேர் இருந்தார்கள். சாப்பர் படையில் அவர்கள் பங்கு பெரியது. ஊரில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கவேண்டிய மனிதன் கண்டோன்மெண்டில் பூட்ஸ் காலோடு நிமிர்ந்து நடந்தான். சம்பளம், ஓய்வூதியம், பிள்ளைக்கு எழுத்து. அம்பேத்கரின் தந்தை ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர் என்பதை நினைத்துக்கொள்ளலாம். பிறகு ராபர்ட்ஸ் போன்ற தளபதிகள் பரப்பிய ‘போர்க்குணச் சாதி’ என்ற கருத்து வலுத்தபோது, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், மகர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. தெற்கத்திப் படைகளும் சுருங்கின. கொடுத்த வாரைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். ஆக, அந்த வார் ஒருவனுக்கு விலங்கு, இன்னொருவனுக்கு விடுதலையின் முதல் ருசி. எந்த அருங்காட்சியகச் சீட்டில் இதை எழுதுவார்கள்?

5

தோல் எங்கிருந்து வந்தது? தென்னிந்தியத் தோல்பதனிடலின் உயிர் ஆவாரம்பட்டை. கடுக்காய் அதற்குத் துணை. கிராமத்தில் செத்த மாட்டை இழுத்துப் போவது, உரிப்பது, சுண்ணாம்பில் ஊறவைப்பது, மயிர் சீவுவது, பட்டைத் தண்ணீரில் போட்டு மிதிப்பது எல்லாம் சக்கிலியர் என்றழைக்கப்பட்ட அருந்ததியரும் பறையரும் செய்த வேலை. கமலைக்குத் தோல்சாலும் வாலும், மாட்டுக்கு வாரும், குடியானவனுக்குச் செருப்பும் கொடுத்துவிட்டுக் களத்தில் நெல் வாங்கிக்கொள்வது பழைய முறை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அரைப்பதம் போட்ட மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பல் கப்பலாக லண்டன் போயின. ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல், திருச்சி எல்லாம் இப்படி வளர்ந்த ஊர்கள். வடக்கே, 1857க்குப் பிறகு, படைக்குத் தேவையான சேணத்தையும் வாரையும் உள்நாட்டிலேயே செய்ய 1860களில் கான்பூரில் அரசாங்கத் தொழிற்சாலை வந்தது.

ஆல்பிரட் சாட்டர்டன் 1903வாக்கில் சென்னைக் கலைப்பள்ளியில் குரோம் பதனிடலைத் தொடங்கினார். அதை அவர் கமலைச் சாலுக்கும் செருப்புக்குமே முதலில் பயன்படுத்திப் பார்த்தார். அரசாங்கம் தொழில் நடத்தக்கூடாது என்ற மோர்லியின் உத்தரவால் 1910இல் அந்தத் தொழிற்சாலை கைமாறியது. பின்னர் வந்த ஒரு குரோம் தோல் ஆலை குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்தது. ஊர்ப் பெயரில் ரசாயனம் இருக்கிறது, மனிதன் இல்லை.

சேகரிப்பவர்கள் மிகவும் பயப்படும் நோய் ஒன்று உண்டு. பட்டையில் பதம்போட்ட பழைய தோல், காற்றிலுள்ள அமிலம் பட்டுப்பட்டு, செங்கல்பொடிபோல உதிரும். தொட்டால் விரலில் சிவப்பாக ஒட்டும். மருந்து கிடையாது, தள்ளிப்போடத்தான் முடியும். 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் லண்டனில் புத்தகக் கட்டுமானத் தோல்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் உதிர்கின்றன என்று ஒரு குழு ஆராய்ந்தது. கீழை இந்தியாவிலிருந்து வந்த, ஆவாரம்பட்டையில் பதம்போட்ட தோல்கள் மோசமாகப் பாதிக்கப்பட்டவற்றில் இருந்தன. கடுக்காய், சுமாக் வகைத் துவர்ப்பு இதைவிடத் தாங்கும் என்பது பிறகு தெளிவாயிற்று. அவர்களுக்கு அது தரக்குறைவு. எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. முத்திரையும் எண்ணும் வாங்கியவனைச் சொல்கின்றன. உதிர்கிற அந்தச் செந்தூள் மட்டும்தான் ஆவாரஞ்செடி பூத்த மேட்டுக்காட்டையும் பட்டை உரித்த கைகளையும் சொல்கிறது. பொருள் அழியத் தொடங்கும்போதுதான் உழைப்பு வெளியே தெரிகிறது.

மிச்சம் பாலாற்றில் இருக்கிறது. வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவனே ஈடுகட்ட வேண்டும் என்றது. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டையில் தோல்கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டுத் தோலைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறோம். அந்த நூற்றாண்டு வெளியே இன்னும் முடியவில்லை.

6

இரண்டு கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1858 ஆகஸ்ட் 31 அன்று, வட இந்தியாவில் எழுச்சியை ஒடுக்கும் சண்டையில், சாம் பிரவுன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி கலகக்காரர்களின் பீரங்கி ஒன்றைத் தாக்கி இடது கையை இழந்தார். விக்டோரியா சிலுவை கிடைத்தது. ஒரு கையால் வாளை உருவ வசதியாக, இடுப்புவாரைத் தாங்க வலது தோளிலிருந்து குறுக்கே ஒரு வார் போட்டுக்கொண்டார். அது அவர் பெயராலேயே உலகெங்கும் பரவியது. படைத்தோல் சேகரிப்பவர்களுக்கு அது இன்றியமையாத ஒன்று. நமக்கு அதைப் பார்க்க அருங்காட்சியகம் போக வேண்டியதில்லை. இந்தியப் போலீஸ் அதிகாரி அணிவகுப்பில் வரும்போது அவர் மார்பில் குறுக்கே போவது அந்த வார்தான். 1858ஐ ஒடுக்கியவனின் ஊனத்துக்காகச் செய்த வார் 1947ஐயும் தாண்டி நம் மார்பில் கிடக்கிறது. அதை மாட்டியவர்களுக்கு இரண்டு கையும் இருக்கிறது என்பதை லாக்கப்புக்குள் போய்வந்த தோழர்கள் அறிவார்கள்.

இன்னொரு கை ஒண்டிவீரனுடையது. நெற்கட்டும்செவல் பூலித்தேவனின் தளபதியாக அருந்ததியர் நினைவில் வாழ்கிறவன். எதிரி முகாமுக்குள் புகுந்து வைக்கோலுக்கடியில் ஒளிந்திருக்கிறான். குதிரை கட்ட அடித்த முளை அவன் கையைத் துளைத்துக்கொண்டு இறங்குகிறது. சத்தம் போடவில்லை. பிறகு தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு காரியத்தை முடிக்கிறான். இது வாய்மொழி வரலாறு. ஆவணம் எங்கே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தோல் வேலை செய்த சாதியைச் சேர்ந்தவனின் வெட்டுண்ட கையை எந்த ஆவணக்காரன் எழுதியிருப்பான் என்று அவர்களைத் திருப்பிக் கேட்க வேண்டும். பாளையங்கோட்டையில் 2016இல்தான் மணிமண்டபம் வந்தது, 2022இல்தான் அஞ்சல்தலை. ஒருவன் கை போனது, அவன் பேரில் வார் வந்தது. இன்னொருவன் கை போனது. வார் தைத்த அவனுடைய மக்கள் கதையாகவே அதைக் காப்பாற்றிவர வேண்டியிருந்தது.

7

சரி, என்ன செய்யலாம்? இந்தச் சாமான்களைத் தூக்கி எறிய வேண்டுமா? சேகரிப்பது பாவமா?

எறியத் தேவையில்லை, எறிந்ததெல்லாம் போதும். தஞ்சை அரண்மனை ஆயுதசாலையில் கிடந்தவற்றை 1860களில் அரசாங்கம் வாரிக் குவித்து, கொஞ்சத்தைச் சென்னை அருங்காட்சியகத்துக்கு எடுத்துக்கொண்டு, பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றது. இரும்பின் கதியே அது என்றால் அதோடு இருந்திருக்கக்கூடிய உறையும் வாரும் என்னவாகியிருக்கும்? 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் கடந்த பொருள் தொல்பொருள், தனியார் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. சிலைக்கு நாம் பேசுவோம். ஒரு தோல்பைக்காக யார் பேசுவார்கள்?

ஆகவே சேகரிக்கலாம். ஆனால் வேறு மாதிரி. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் சீருடையும் ஆயுதமும் வைத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டுகளில் ரெஜிமெண்ட் எண்ணோடு, இது எந்த மிருகத் தோல், எந்தப் பட்டையில் பதம், கைத்தையலா எந்திரத் தையலா, எந்தத் தொழிலாளரிடமிருந்து இந்த அறிவு வந்தது என்றும் எழுதலாம். அதை எழுதத் தெரிந்தவர்கள் பல்கலைக்கழகத்தில் இல்லை, தெருவோரத்தில் இருக்கிறார்கள். அவர்களை உள்ளே கூப்பிட வேண்டும். தகவல் சொல்பவர்களாக அல்ல, அறிஞர்களாக. இப்படிச் சொல்கிறபோது ஒரு ஆபத்தும் தெரிகிறது. தோல் வேலையை ‘பாரம்பரியக் கலை’ என்று கொண்டாடி, அந்த மக்களை அதிலேயே கட்டிப்போடுகிற வேலையையும் இன்று பலர் செய்கிறார்கள். 2009இல் மூன்று விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்ததே அந்தக் கட்டிலிருந்து வெளியேறத்தான். செருப்புத் தைக்கிறவரின் மகள் தோல் தைக்க வேண்டியதில்லை. ஆனால் தன் பாட்டன் தைத்ததன்மேல் அவளுக்கு உரிமை இருக்கிறது. வேலையிலிருந்து விடுதலை, வேலையின் வரலாற்றில் பங்கு. இரண்டையும் ஒருசேரக் கேட்பதில் முரண்பாடு இல்லை.

மறுவாரம் கோட்டாறு போனபோது ஆணி மட்டும் இருந்தது. கொச்சிக்காரர் வந்து எடுத்துப் போய்விட்டாராம். தெருமுனையில் குடைக்காரரைப் பார்த்து, பை விற்றுப்போன விலையைச் சொன்னேன். அவர் ஊசியை நிறுத்தவில்லை.

"தைச்ச ஆளுக்கு என்ன குடுத்திருப்பான், சார்?" என்று மட்டும் கேட்டார்.

நம் வரலாற்றெழுத்து பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி அது. நான் சும்மா நின்றிருந்துவிட்டு வந்தேன்.